ஏழாவது சுவிட்ச்

மெயினை இறக்கிவிட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முதல் சுவிட்சின் பித்தளை மூடியைத் திருகினேன்.
உள்ளே பீங்கான்.
பீங்கான் மேல் ஒரு பல்லியின் எலும்பு,
முழுசாக, வால் உட்பட.

பள்ளத்தூரில் இந்தத் தெரு முழுக்கக் கட்டை வயரிங்தான்.
தேக்குச் சட்டத்துக்குள் துணி சுற்றிய ரப்பர்.
விரல் பட்டதும் போன தீபாவளி முறுக்காகப்
பொடிந்து மடியில் விழுந்தது.
செம்பு மட்டும் உள்ளே
நேற்று இழுத்த பளபளப்பில்.

"சுவரை வெட்டி உள்ளுக்குள்ள கொண்டுபோக முடியாதா?"
கேட்டது சிகப்பி ஆச்சி.
கோயம்புத்தூரில் பேங்க் வேலை, நாலு நாள் லீவு.
உளியை வைத்து ஒரு அடி அடித்துக் காட்டினேன்.
சுண்ணாம்புச் சுவர்
உளியை எனக்கே திருப்பிக் கொடுத்தது.
"சரி, வெளியிலயே போடுங்க."

யார் கட்டினானோ,
மெயினிலேயே இரண்டு கம்பியும் இடம் மாறிக் கிடந்தது.
விளக்கை அணைப்போம், அது அணையும்;
ஹோல்டரில் கரன்ட் அப்படியே நிற்கும்.
இத்தனை வருஷம் இங்கே பல்பு மாற்றியவர்கள் எல்லாம்
அதிர்ஷ்டத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்றேன்.
ஆச்சி தன் வலது கையை ஒரு தரம் பார்த்தார்.

பலகையில் ஏழு.
ஆறுக்குப் பேர் உண்டு:
வளவு, வளவு ஃபேன், சாமி அறை,
அடுப்படி, நடை, கொல்லைப்பக்கம்.
ஏழாவதை எப்படித் தட்டினாலும் ஒன்றும் எரியாது.
"அது சும்மா" என்றார்.
கம்பி சும்மா போகாது.

கட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.
மூன்றாம் தூண். நான்காம் தூண்.
கோர்ட்டில் இருந்து வந்தவர்கள்
சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள்.
ஐந்துக்கு அப்பால் சாத்தப்பன் பங்கு.
கட்டைக்குப் படிக்கத் தெரியவில்லை.
ஆறு, ஏழு என்று போய்
பூட்டின் மேல் அரக்கு வைத்த கதவுக்கு
நேர் மேலே
சுவருக்குள் இறங்கிவிட்டது.

"வெட்டிவிட்ருங்க. அது அவுக பக்கம்."

வெட்டலாம். கட்டர் சட்டைப்பையில்தான் இருந்தது.
புதுப் பிளேட்டில் எட்டுத் துளை.
ஆறை மாட்டினேன்.
பழைய ஏழாவதில் கரி பிடித்து முனை தேய்ந்திருந்தது,
அதனால்தான் எரியவில்லையா என்று பார்க்க மட்டும்
ஏழாவதையும் மாட்டினேன்.
மெயினை ஏற்றினேன்.
தட்டினேன்.

பூட்டிய கதவின் அடியில்
ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள்.

காபி கொண்டுவந்தவர் தம்ளரைத் தரையில் வைத்தார்.
சேலையை ஒதுக்கிக் குனிந்து,
அதுவும் போதாமல்
ஆத்தங்குடிக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டார்.
நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன்.
இரண்டு தரம் பொறுக்கினேன்.

"கட்டில் கால் தெரியுது.
ஒரு சூட்கேஸ்.
என்னோடது."

எழுந்தபோது கன்னத்தில் தூசி.
"இது யார் மீட்டர்ல ஓடுது?"
"உங்க மீட்டர்லதான்."
"எவ்வளவு ஆகும்?"
"அறுபது வாட்டா இருந்தா, ராப்பகலா எரிஞ்சாலும்
நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்ள."
மனதுக்குள் பெருக்கினார். பேங்க் ஆள்,
உதடுகூட அசையவில்லை.
காபி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

பில்லில் சுவிட்ச் ஏழு என்று எழுதினேன்.
பேனாவை வாங்கி அடித்து
ஆறு என்று போட்டார்.
"வக்கீல் பார்ப்பாரு."
பணம் ஏழுக்குத்தான் கொடுத்தார்.

நான் வண்டியை எடுக்கும்வரை
யாரும் அதை அணைக்கவில்லை.

எட்டாவது துளைக்கு மூடி இல்லை,
காரைக்குடியில் வாங்கி
நாளைக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும்.
விட்டால் பல்லி போகும்.